ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ-க்கு டயர், அலாய், சஸ்பென்ஷன்: எதை முதலில் மாற்றுவது, எங்கே நிறுத்துவது

தினமும் ஆபீஸுக்குப் போய்வரும் ஸ்விஃப்ட் 50, 60 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் புலம்ப ஆரம்பிக்கும். வேகத்தடையில் முன்பக்கம் 'கட கட'வென்று சத்தம். 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங்கில் லேசான உதறல். ஐப்பசி மழையில் பிரேக்கை மிதித்தால் ஒரு வழுக்கல். வண்டிக்காரர் உடனே சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போய் அலாய் வீல் விலை கேட்பார். கடையில் பளபளவென்று மாட்டிவைத்திருக்கும் 16 இஞ்ச் வீல்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் மேலே சொன்ன மூன்று புகாரில் ஒன்றைக்கூட அந்த வீல் தீர்க்காது.

பணத்தை முதலில் போட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத சாமானில், அதாவது புஷ் (இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்), மவுன்ட் (ஷாக்கை வண்டியோடு இணைக்கும் ரப்பர்), ஷாக் அப்சார்பரில். அடுத்தது டயர். அலாய் கடைசி, அதுவும் கையில் மிச்சம் இருந்தால். பழைய புஷ் மேல் புது டயர் போட்டால் சில மாதத்தில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து நிற்கும். தேய்ந்த டயரை அலாயில் மாட்டினாலும் அது தேய்ந்த டயர்தான்.

இங்கே மாருதி ஸ்விஃப்டின் கீழ் வேரியன்ட்டுகளில் ஒன்றான விஎக்ஸ்ஐ பெட்ரோலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வேகன் ஆர், ஐ10, டியாகோ எதுவானாலும் முறை இதேதான். எண்கள் மட்டும் மாறும்.

முதல் வேலை: காசு செலவில்லாமல் பார்ப்பது

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடாகாத நேரத்தில் காற்றழுத்தம் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். பங்கில் காற்றுப் பிடிக்கும் பையன் "எல்லா வண்டிக்கும் 35 சார்" என்பார், அதை விட்டுவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. 'வண்டி அலைபாயுது', 'ரொம்பக் குதிக்குது' என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த ஒரு வேலையிலேயே அடங்கிவிடும்.

அடுத்தது டயர் தேய்ந்திருக்கும் விதம். ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்துவிட்டு முன் டயரைப் பாருங்கள். கம்பி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்த பிறகு, உள்ளங்கையை வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு மெதுவாகத் தடவுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழவழப்பாகவும் திரும்பும்போது ரம்பப் பல் போலவும் உறுத்தினால் டோ (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) தவறியிருக்கிறது. அலைன்மென்ட் (வீல்கள் நிற்கும் கோணங்கள்) பார்க்க வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் நெடுநாளாகக் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அல்லது லோயர் ஆர்ம் (வீலை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை) புஷ். டயரின் பட்டன்கள் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகள்) திட்டுத் திட்டாக, மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் மேல் சந்தேகப்படுங்கள். வீல் தரையை ஒழுங்காகத் தொடாமல் தத்தித் தத்தி ஓடியதன் தடம் அது.

டயரின் பள்ளத்துக்குள் அங்கங்கே குறுக்கே சின்ன மேடுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மி.மீ. ஆகிவிட்டது என்று அர்த்தம். சட்டப்படி கார் டயருக்கு அதுதான் எல்லை. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்க வேண்டாம். 3 மி.மீ.-க்குக் கீழே போனாலே தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் சக்தி நன்றாகக் குறைந்துவிடும்.

சஸ்பென்ஷன்: சத்தம் எங்கே, செலவு எங்கே

ஸ்விஃப்டில் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் வீலையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்). சாதாரண அமைப்புதான், எந்த ஊரிலும் வேலை தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். ஆனால் சத்தம் வந்தவுடன் "ஷாக் போச்சு சார், ரெண்டும் மாத்திடலாம்" என்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். விலை குறைந்த பாகத்திலிருந்து ஆரம்பித்துப் பார்ப்பதுதான் முறை.

குறைந்த வேகத்தில், மோசமான ரோட்டில், 'டக டக' என்று சின்னச் சின்னதாகத் தட்டும் சத்தம் வந்தால் முதல் சந்தேகம் லிங்க் ராடு. ஸ்ட்ரட்டையும், வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரையும் இணைக்கும் ஒல்லியான கம்பி அது. இரு முனையிலும் பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு) இருக்கும். வண்டி தரையில் நிற்கும்போது கையால் பிடித்து வேகமாக ஆட்டினாலே ஆட்டம் தெரியும். விலையும் குறைவு, மாற்றும் வேலையும் அரை மணி நேரம்தான். பல வண்டிகளில் 'சஸ்பென்ஷன் போச்சு' என்ற புகார் இதோடு முடிந்துவிடும்.

நிற்கும் இடத்தில் ஸ்டியரிங் சுற்றும்போது மேலிருந்து 'டங்' என்று ஸ்பிரிங் நழுவுவது போல் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுன்ட், பேரிங். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டியரிங் சுற்றச் சொன்னால் கையிலேயே அதிர்வு தெரியும். பிரேக் அடிக்கும்போதும் கிளட்ச் விடும்போதும் ஒரே ஒரு 'டொக்' வந்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கடப்பாரையால் லேசாக நெம்பினால் ரப்பரில் உள்ள வெடிப்பு வாயைத் திறந்து காட்டும். வீலை 3 மணி, 9 மணி நிலையில் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் ராக் எண்டு அல்லது டை ராடு. 12 மணி, 6 மணி நிலையில் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங்.

ஷாக் அப்சார்பருக்குப் பானெட்டை அமுக்கிவிட்டுப் பார்க்கும் பழைய பரிசோதனையை நான் பெரிதாக நம்புவதில்லை. பாதி தேய்ந்த ஷாக்கும் அதில் தேறிவிடும். ஆயில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். மேலே மெல்லிய ஈரம், அதில் தூசி என்றால் கவலையில்லை. கீழ்வரை வழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். வேகத்தடை இறங்கியபின் வண்டி ஒரு முறைக்கு மேல் ஊஞ்சலாடினாலும் அதே தீர்ப்பு.

மாற்றுவதென்றால் ஜோடியாக மாற்றுங்கள். கேப்ரியல், மன்ரோ இரண்டும் நம்மூரில் எளிதாகக் கிடைக்கும். கம்பெனி பாகம் வேண்டுமென்றால் மாருதி ஜெனியூன் பார்ட்ஸ் கடையில் சேசிஸ் நம்பரைச் சொன்னால் சரியான பாக எண்ணை எடுத்துத் தருவார்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை நான்கையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். கூலி ஒருமுறைதான், இதை மிச்சம் பிடித்தால் ஆறு மாதத்தில் அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேரும்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். லோயர் ஆர்ம் புஷ், பின் ஆக்ஸில் புஷ் இவற்றின் போல்ட்டை வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போதே கடைசி முறுக்கு முறுக்கிவிடுவது பல இடங்களில் வழக்கம். அப்போது வீல் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். ரப்பர் அந்த நிலையிலேயே இறுகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே வர, ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே கிடக்கும். புது புஷ் சீக்கிரம் கிழிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சரியான முறை, லிஃப்ட்டில் போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டுவிட்டு, வண்டியின் எடை வீலில் இறங்கிய பிறகு கடைசி முறுக்கு. "அண்ணே, அந்த போல்ட்ட மட்டும் வண்டிய இறக்கினப்புறம் டைட் பண்ணிடுங்க" என்று பக்குவமாகச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார்.

இதை வீட்டிலேயே செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வரி: லிங்க் ராடு வரை சரி. ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலைக்குப் போகாதீர்கள். அமுக்கிய ஸ்பிரிங் தவறினால் ஆளைக் கொன்றுவிடும்.

டயர் அளவு: கம்பெனி கொடுத்த விடை

2018-ல் வந்த ஸ்விஃப்டிலும் 2024-ல் வந்த ஸ்விஃப்டிலும் கீழ் வேரியன்ட்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15. ஏன் இந்த இரண்டு அளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

165/80 ஆர்14 என்றால் அகலம் 165 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264. வீல் 14 இஞ்ச், அதாவது 355.6. மொத்த உயரம் 619.6 மி.மீ. இப்போது 185/65 ஆர்15-ஐப் போடுங்கள். சுவர் 120.25, இரண்டு பக்கமும் 240.5, வீல் 381. மொத்தம் 621.5 மி.மீ. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி) மாறாது, ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) குழம்பாது. அகலம் மட்டும் 20 மி.மீ. கூடுகிறது. விஎக்ஸ்ஐ வைத்திருப்பவருக்கு கம்பெனியே சோதித்துப் பார்த்துக் கொடுத்த அப்கிரேடு இது. இதைத் தாண்டிப் போக எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

வீல் மாற்றப் பணமில்லை, டயர் மட்டும் கொஞ்சம் அகலம் வேண்டும் என்றால் அதே 14 இஞ்ச் இரும்பு டிஸ்க்கில் (வீலில்) 185/70 ஆர்14 போடலாம். மொத்த உயரம் 614.6 மி.மீ.; ஒரு சதவீதத்துக்கும் குறைவான மாற்றம். கிளியரன்ஸில் இரண்டரை மி.மீ. போகும். கடைக்காரர் 175/70 ஆர்14 "ஸ்டாக் இருக்கு, மாட்டிடலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் உயரம் 600.6 தான், 3 சதவீதம் குறைகிறது. மீட்டரில் 100 என்று காட்டும்போது முன்பைவிட உண்மை வேகம் குறைவாக இருக்கும், ஓடோமீட்டர் கூடுதலாக ஓடும், வேகத்தடையில் வயிறும் உரசும்.

16 இஞ்ச்சில் 195/55 போட்டால் உயரக் கணக்கு சரியாகவே வரும், 620.9. ஆனால் சுவர் 107 மி.மீ.-ஆகக் குறைகிறது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில், தண்ணீர் மூடிய பள்ளத்தில் ஒருமுறை இறங்கினால் அலாய் வளையும், அல்லது டயரின் பக்கத்தில் முட்டை மாதிரி வீங்கும். அந்த வீக்கத்துக்கு வைத்தியமே கிடையாது. டயரைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

அகலமான டயரில் இழப்பும் உண்டு. மைலேஜ் கொஞ்சம் குறையும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். நெரிசலிலேயே 30 கி.மீ. வேகத்தில் நாளெல்லாம் ஓடும் வண்டிக்கு 165-லேயே நல்ல டயர் போட்டுக்கொண்டால் போதும். யாரும் குறை சொல்ல முடியாது.

எந்த டயர்

சந்தையில் இரண்டு குணம். ஒன்று, நீண்ட நாள் உழைக்கும் கெட்டி ரப்பர்: சியட் மைலேஸ், அப்போலோ அமேசர் 4ஜி லைஃப், குட்இயர் ட்யூராப்ளஸ் வகை. மைலேஸ் எக்ஸ்3 ஒரு லட்சம் கி.மீ. ஓடும் என்றுதான் விளம்பரமே. இன்னொன்று, பிடிப்பும் அமைதியும் பார்ப்பவர்களுக்கு: யோகோஹாமா எர்த்-1, குட்இயர் ட்ரிபிள்மேக்ஸ், மிச்செலின் போன்றவை. டாக்ஸி ஓட்டினால் முதல் வகை. ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் கி.மீ. ஓட்டும் ஆபீஸ்காரர் ஏன் ஒரு லட்சம் கி.மீ. டயர் வாங்க வேண்டும்? அவ்வளவு தூரம் ஓடி முடிப்பதற்குள் ரப்பருக்கு வயதாகிவிடும். ஈர ரோட்டில் சீக்கிரம் நிற்கும் டயரை வாங்குவதுதான் அவருக்கு லாபம்.

டயரின் பக்கச் சுவரில் ஐந்து விஷயம் படியுங்கள். அளவு. அடுத்து 85, 88 என்று வரும் சுமை எண்: 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560. பழைய டயரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. அதை ஒட்டி ஒரு வேக எழுத்து: எஸ் 180, டி 190, எச் 210 கி.மீ. பிறகு ஐ.எஸ்.ஐ. முத்திரை. கடைசியாக நான்கு இலக்கத் தேதி: 2325 என்றால் 2025-ன் 23-வது வாரத்தில் செய்தது. அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. என்று பக்கத்திலேயே தொழிற்சாலைகள் இருக்கும் ஊரில் ஒன்றரை வருடப் பழைய டயரை முழு விலைக்கு வாங்கத் தேவையில்லை. பில் போடுவதற்கு முன்பே தேதியைப் பாருங்கள், நான்கிலும்.

விலை பேசும்போது இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் டயர் மீதான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னால் போடுங்கள். முன்வீல் டிரைவ் வண்டி, ஆகவே முன்னால்தான் என்று கடையில் வாதாடுவார்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடிப்பு திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும். அதைப் பிடித்து நிறுத்துவது சாதாரண ஓட்டுநரால் ஆகாது.

அலாய்: கடைசியில், கவனமாக

எங்கும் சொல்லாத மலிவு வழி ஒன்று உண்டு. மேல் வேரியன்ட் வாங்கிய சிலர் வாங்கிய மாதத்திலேயே 16 இஞ்ச் மாட்டிவிட்டு, கம்பெனியின் 15 இஞ்ச் அலாயைக் கழற்றி விற்றுவிடுவார்கள். டயர் கடைகளிலும், பழைய பொருள் விற்கும் ஆப்களிலும் இந்த செட் கிடைக்கும். புது லோக்கல் அலாயைவிட விலை குறைவு, தரம் உயர்வு, ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்ற அளவு) முதல் நட்டு வரை எல்லாம் அப்படியே பொருந்தும்.

வாங்குவதற்கு முன் பேலன்சிங் மெஷினில் ஒவ்வொரு வீலையும் வெறுமனே சுற்றவிடுங்கள். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை அசையாமல் பிடித்துப் பார்த்தால், முனைக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் வீல் வளைந்திருக்கிறது. உள்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். வெல்டிங் தழும்பை மறைக்க அங்கேதான் பெயின்ட் அடிப்பார்கள். வெல்டு வைத்த அலாய் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

புதிது வாங்கினால் நியோ, பிளாட்டி போன்ற தெரிந்த பெயராகப் பாருங்கள். ஸ்விஃப்டுக்கு பி.சி.டி. (நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 4x100, நடுத் துளை 54.1 மி.மீ., நட்டின் மரை 12x1.25. ஹூண்டாயின் சின்ன கார்களிலும் 4x100 தான், ஆனால் மரை 12x1.5, இந்த நட்டு அதில் ஏறாது. கடை அலாய்களில் நடுத் துளை பல வண்டிக்கும் பொருந்தும்படி பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் கேட்டு வாங்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் 80-ல் உதறல் போகாது. பழைய நான்கு நட்டுகளை ஸ்டெப்னியோடு வைத்திருங்கள், அலாய் நட்டு இரும்பு டிஸ்க்கில் சரியாக உட்காராமல் போகலாம். உங்கள் பழைய 14 இஞ்ச் டயரே ஸ்டெப்னியாகப் பயன்படும். உயர வித்தியாசம்தான் இல்லையே.

அலாய் என்றாலே எடை குறைவு என்பதும் உண்மையல்ல. மலிவு வார்ப்பு அலாய் பல சமயம் இரும்பு டிஸ்க்கைவிடக் கனக்கும். லக்கேஜ் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேண்டாதவை

வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங். ஸ்விஃப்டின் கிளியரன்ஸ் 163 மி.மீ.; குடும்பத்தோடு ஏறினால் நம்மூர் வேகத்தடைக்கு அதுவே போதாது. அடுத்து, ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் செருகும் ரப்பர் பஃபர். வண்டி கொஞ்சம் உயரும், உண்மைதான். ஆனால் ஸ்பிரிங்கின் ஒரு சுருள் வேலை செய்யாமல் போய்ப் பயணம் கடினமாகும். அந்த அடியெல்லாம் மவுன்ட்டுக்கும் ஷாக்குக்கும் போகும். வீலை வெளியே தள்ளும் ஸ்பேசர் பேரிங்கைத் தின்னும். ரீட்ரெட் செய்த (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய) கார் டயர் பற்றிப் பேசவே வேண்டாம்.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே மாடலுக்கு கம்பெனியே தரும் அளவோடு நின்றுகொள்ள இது இன்னொரு காரணம். வெளியில் வாங்கிய அலாயை இன்சூரன்ஸ் பாலிசியில் துணைப் பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள். சேர்க்காத அலாய் திருடுபோனாலோ உடைந்தாலோ பணம் வராது. வாரன்டியில் உள்ள வண்டியாக இருந்தால் சஸ்பென்ஷனை வெளியில் கை வைக்காமல் சர்வீஸ் சென்டரிலேயே முதலில் கேளுங்கள்.

எல்லாம் மாட்டியபின்

அலைன்மென்ட் கடைசி வேலை, எல்லாப் பாகமும் மாற்றிய பிறகு. நடுவில் செய்தால் காசு வீண். போவதற்கு முன் நான்கு டயரிலும் காற்றைச் சரியாக வையுங்கள். டிக்கியில் உள்ள மூட்டையை இறக்குங்கள். திருத்துவதற்கு முன்னும் பின்னும் மெஷினில் வரும் அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஸ்விஃப்டில் பெரும்பாலும் திருத்த முடிவது முன் வீலின் டோ மட்டும்தான். கேம்பர் (வீல் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம்) சிவப்பில் நின்றால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. 'அட்ஜஸ்ட் செய்துவிட்டேன்' என்பவரிடம் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

தோராயச் செலவு: லிங்க் ராடு ஜோடி கூலியோடு இரண்டாயிரத்துக்குள். முன் ஸ்ட்ரட் ஜோடி, மவுன்ட் சாமான்கள், கூலி எல்லாம் சேர்த்து எட்டிலிருந்து பன்னிரண்டாயிரம். நான்கு டயர் அளவையும் பெயரையும் பொறுத்துப் பதினாறிலிருந்து இருபத்தாறாயிரம். பழைய கம்பெனி அலாய் செட் பதினைந்தாயிரத்தை ஒட்டி, புதிது அதைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு. எல்லாம் ஒரே மாதத்தில் வேண்டியதில்லை. இந்தச் சம்பளத்தில் ரப்பர் சாமான், தீபாவளி போனஸில் டயர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் மழை வருவதற்குள் டயர் முடிந்துவிட வேண்டும்.

புது வீல் மாட்டிய நூறு கி.மீ.-க்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏர் கன்னால் அல்ல, கையேட்டில் உள்ள அளவு வைத்து, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால். புது டயரின் மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பு போக முதல் சில நூறு கி.மீ. ஆகும், அதுவரை மழையில் முன் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விடுங்கள். பத்தாயிரம் கி.மீ.-க்கு ஒருமுறை முன் டயர் பின்னுக்கு, பின் டயர் முன்னுக்கு. அப்படி மாற்றும் நாளில் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.